முக்கிய அறிவிப்பு (கட்டாயம் நிரப்பவும்)

1.

இந்தக் கதை ஓர் அட்டவணையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு மரியாதையாக இருக்காது.

எங்கள் கல்லூரியில் மூன்று பேர் சேர்ந்து ஒரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். அக்கம்பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு சின்னத் தொழிலுக்கு வெப்சைட் கட்டித் தர வேண்டும். எந்தக் கருவியில் கட்டினோம், ஏன் அதைத் தேர்ந்தெடுத்தோம் என்று அறிக்கையும் எழுத வேண்டும். அறிக்கை என் தலையில் விழுந்தது. நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அந்த அறிக்கையின் கோப்புதான். தலைப்பை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

[இன்றைய நவீன உலகில் இணையதளம் என்பது இன்றியமையாத]

எல்லா அறிக்கையும் இப்படித்தான் தொடங்கும் என்பதால் எங்கள் ப்ராஜெக்ட் கைடு மேடம் இந்த வரியைப் படிக்கவே மாட்டார். படிக்காத வாக்கியத்தை முடித்து யாருக்கு என்ன லாபம்? அங்கேயே விட்டுவிட்டேன். அடுத்து:

[அத்தையின் கால் எப்போதும் பிரேக்குக்கு மேலே, அதைத் தொடாமல்,]

இது நன்றாக இருந்தது. அதனால்தான் நிறுத்தினேன். அறிக்கையில் ஒரு வாக்கியம் நன்றாக இருந்தால் எங்கிருந்து சுட்டாய் என்று கேட்பார்கள்.

மூன்றாவது: எந்தக் கருவி சரி என்று எங்களுக்குத் தெரியவில்லை.

இதில் பொய் இல்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

2.

பாத்திரங்கள்.

கட்டம்: வகுப்புத் தோழி. எதையும் கட்டம் போட்டு ஒப்பிடாமல் முடிவெடுக்க மாட்டாள். கேன்டீனில் எந்த மேசையில் உட்காருவது என்பதற்கே அட்டவணை வைத்திருந்தவள். வலைப்பூக் கருவிதான் சரி என்பது அவள் கட்சி. எழுதினோமா, வெளியிட்டோமா, வீட்டுக்குப் போனோமா என்று இருக்கலாம்.

சாமியார்: ரெடிமேட் சமாசாரம் எதையும் தொடாதவன். வெப்சைட் என்றால் ஒவ்வொரு எழுத்தையும் கையால் அடித்து நிரலாக எழுத வேண்டும் என்பான். போன் அடித்தால் எடுக்க மாட்டான். அதையும் துறந்துவிட்டான்.

நான்: இழுத்துப் போடும் கருவியின் கட்சி. படத்தைப் பிடித்து இழுத்து இங்கே போடு, பட்டனைப் பிடித்து இழுத்து அங்கே போடு. காரணம் சோம்பேறித்தனம். அறிக்கையில் அதை ‘பயனருக்கு எளிது’ என்று எழுதுவதாக இருந்தேன்.

(கட்டம் இப்போது என் தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறாள்.

“கேன்டீன் மேசைக்கெல்லாம் நான் டேபிள் போடல.”

“போட்ட.”

“அது மேசைக்கு இல்ல. நாற்காலிக்கு.”

வாசகர்கள் திருத்திப் படித்துக்கொள்ளவும்.)

சாமியார் மேல் எனக்கே நம்பிக்கை வரவில்லை. கதைக்காகச் செய்து வைத்தவன் மாதிரி இருக்கிறான். கொஞ்சம் சாதாரண ஆளாக மாற்றிப் பார்த்தேன். அவனுடைய அம்மாவுக்கே அடையாளம் தெரியாது போலிருந்தது. பழையபடியே விட்டுவிட்டேன்.

3.

வெப்சைட் யாருக்கு? என் அத்தைக்கு. அப்பாவின் அக்கா. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஒரு கார், ஓர் அறை, ஓர் அத்தை. அறைச் சுவரில் சாலைக் குறியீடுகளின் படம். மேசையில், எப்போதோ உடைத்த காரிலிருந்து கழற்றிய ஒரு ஸ்டியரிங்கை ஆணி அடித்துப் பொருத்தியிருக்கிறார். வண்டியில் ஏறவே பயப்படுகிறவர்கள் முதலில் அந்த மேசையை ஓட்ட வேண்டும்.

காரில் அத்தை உட்காரும் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் சொதப்பினால் அத்தை அழுத்துவார்.*

* அடிக்குறிப்பு: வாசகரையும் நான் அந்தப் பக்கத்து இருக்கையில்தான் உட்கார வைத்திருக்கிறேன். பிடிக்காத இடத்தில் அழுத்தலாம்.

ப்ராஜெக்ட்டுக்காக ஒருநாள் நாங்கள் மூவரும் பின்சீட்டில் அடைந்துகொண்டோம். ஸ்டியரிங்கில் ஒரு பல் டாக்டர். வியர்வையில் நனைந்துபோய் இருந்தார்.

“டாக்டர், அது கியரு. பல்லு இல்ல. பிடுங்காதீங்க.”

“சாரி மேடம்.”

“சாரி வேணாம், ரெண்டாவது போடுங்க. இது மூணாவது. நான் சொன்னது எது?”

“ரெண்டாவது மேடம்.”

“வாய் கரெக்டா சொல்லுது. கைதான் வேற காலேஜ்ல படிச்சிருக்கு.”

பிறகு நேரான சாலை. எதிரே யாரும் இல்லை. டாக்டர் முதல்முறையாக ஒழுங்காக ஓட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று வண்டி குலுங்கி நின்றது. எங்கள் மூக்குகள் முன்சீட்டில் மோதின. பிரேக்கை அழுத்தியது அத்தை.

“நாய்,” என்றார்.

நாங்கள் திரும்பிப் பார்த்தோம்.

“எந்தப் பக்கம் போச்சு அத்தை?” என்று கட்டம் கேட்டாள். அவளுக்குத் தகவல் முழுமையாக வேண்டும்.

“போயிடுச்சு.”

(இந்த நாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதைக்குள் சும்மா வந்துபோகிற நாய் இல்லை இது. சரியாகச் சொன்னால், வரவே இல்லை.)

இறங்கும்போது, பாராட்டுரை வாங்கிப் போட வசதியாக இருக்கும் என்று பழைய மாணவர்களின் தொலைபேசி எண்களையெல்லாம் எங்களுக்கு அனுப்பிவைத்தார். “பாஸானவங்க, பெயிலானவங்க, என் பம்பரைப் பேத்தவங்க, எல்லாரும் இருக்காங்க.” பிறகு கேட்டார்: “வெப்சைட் வந்தா என்னடா ஆகும்?”

“நிறைய பேர் வருவாங்க அத்தை.”

“வந்து?”

“கத்துக்குவாங்க.”

அத்தை பக்கத்துக் கண்ணாடியைத் திருத்தினார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

4.

ஆளுக்கொரு கருவியில் கட்டுவது, பிறகு ஒப்பிடுவது என்று முடிவாயிற்று. நியாயமாக ஒப்பிட வேண்டுமானால் மூன்றிலும் ஒரே விஷயம் இருக்க வேண்டும் என்றாள் கட்டம். அது சரிதான். சிக்கல் எங்கே வந்தது என்றால், அவள் எடுத்த டெம்ப்ளேட்டிலும் நான் எடுத்ததிலும் பக்கத்தின் உச்சியில் ஒரு பெட்டி இருந்தது: ‘முக்கிய அறிவிப்பு’. பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். கட்டாயம் நிரப்ப வேண்டும். காலியாக விட்டால் சேமிக்காது. சாமியாருக்கு அந்தப் பெட்டி தேவையே இல்லை. ஆனாலும் நியாயம் கெட்டுவிடக் கூடாதே என்று கையால் எழுதி ஒன்று செய்துகொண்டான்.

அத்தையிடம் முக்கிய அறிவிப்பு எதுவும் இல்லை என்று நினைத்தோம்.

“ஏதாவது நீளமா எழுது. போன்ல பார்க்கும்போது வரி எங்க உடையுதுன்னு தெரியணும்,” என்றாள் கட்டம். “நீதானே எழுத்தாளன்.”

அந்த வார்த்தையைக் கேட்டால் நான் எதையும் எழுதுவேன். எழுதினேன்:

‘இத்தனை வருடங்களாக எங்கள் கிளட்ச்சின் மீதும் எங்கள் பொறுமையின் மீதும் கால் வைத்து அழுத்திய அனைவருக்கும் நன்றி கூறி, இத்துடன் வண்டியை ஓரங்கட்டுகிறோம்.’

வரி ‘பொறுமையின்’ என்ற இடத்தில் உடைந்தது. கட்டம் குறித்துக்கொண்டாள்.

அவள் அட்டவணையில் இன்னொரு வரிசை: ‘புதிய பதிவு போட்டால் வாசகர்களுக்குச் செய்தி போகிறதா?’ எதிரே உள்ள கட்டத்தில் சரியோ தப்போ போட வேண்டும். வெற்றுக் கட்டத்தோடு அவளால் வாழ முடியாது. வாசகர்கள் வேண்டுமே, எங்களிடம் இருந்தது அத்தை கொடுத்த எண்கள்தான். ஏற்றினாள். ‘வெளியிடு’ என்பதை அழுத்தினாள்.

“என்ன பண்ணின?”

“போகுதான்னு பார்த்தேன்.”

“போச்சா?”

“போச்சு.”

சரி என்று டிக் போட்டாள். அப்புறம்தான் எங்கள் இரண்டு பேர் முகமும் ஒரே நேரத்தில் மாறியது.

திரும்பப் பெறப் பார்த்தோம். கட்டம் பதிவை அழித்தாள். அத்தனை போன்களுக்கும் போன செய்தி போனதுதான். என் பெட்டியைக் காலியாக்கினேன். சிவப்பு நட்சத்திரம் விடவில்லை, பழைய வாக்கியத்தையே திரும்பக் கொண்டுவந்து வைத்தது. வேறு என்ன எழுதுவது என்று எனக்குத் தோன்றவில்லை. சாமியார் போனை எடுக்கவில்லை. அவன் பக்கத்தைப் போய்ப் பார்த்தோம். எல்லா அலங்காரத்தையும் துறந்தவன், அந்த வாக்கியத்தை மட்டும் பெரிய எழுத்தில் இடமிருந்து வலமாக ஓட விட்டிருந்தான்.

(“நான் வேணும்னு அனுப்பின மாதிரி இருக்கு இத படிச்சா,” என்கிறாள் கட்டம்.

“வேணும்னு இல்ல. டிக்குக்காக.”

“அதுக்கு வேணும்னே மேல்.”)

5.

மறுநாள் காலை அத்தையின் தெருவில் என் சைக்கிளை நிறுத்தக்கூட இடமில்லை. முழுக்கக் கார்கள். ஒன்றைத் தவிர எல்லாம் ஒரே மாதிரி நின்றன: ஓரத்தை ஒட்டி, முன்சக்கரங்களை ஓரத்துப் பக்கம் திருப்பி, பக்கத்துக் கண்ணாடிகளை மடக்கி. அத்தையிடம் கற்றவர்கள் அப்படித்தான் நிறுத்துவார்கள். வேறு மாதிரி நிறுத்தினால் இறங்கவே விடமாட்டார்.

வாசலில் ஒரு நர்ஸ், கையில் மாவு காயாத ஒரு பேக்கரிக்காரர், எத்தனை முறை பெயிலானோம் என்பதையே மறந்துவிட்ட ஒரு வக்கீல். பல் டாக்டர் நடந்து வந்திருந்தார். இன்னும் லைசென்ஸ் வரவில்லை.

“மேடம், எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம மூடலாமா?” என்றார் வக்கீல். “நான் கோர்ட்டுல கூட இவ்வளவு அதிர்ச்சி ஆனதில்ல.”

அத்தை என்னைப் பார்த்தார். அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார். மன்னிப்பை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன்.

“உனக்கு எப்படிடா தெரியும்?”

“எது அத்தை?”

“நான் மூடப் போறது. நான் யாருகிட்டயும் சொல்லல. உங்க மாமாகிட்ட கூடச் சொல்லல.”

மனப்பாடம் செய்தது எதுவும் இதற்கு உதவவில்லை.

“வரி எங்க உடையுதுன்னு பார்க்கறதுக்காக எழுதினேன் அத்தை.”

“எந்த வரி?”

விளக்கினேன். பெட்டி, நட்சத்திரம், டிக். அத்தை கேட்டுக்கொண்டே மேசை ஸ்டியரிங்கை மெதுவாக வலப்பக்கம் திருப்பினார். மேசை எங்கும் போகவில்லை.

“அன்னிக்கு நாய் வரல,” என்றார்.

“தெரியும் அத்தை.”

“இப்பல்லாம் அடிக்கடி வருது, அந்த வராத நாய். கால் தானா போய் அழுத்துது. ஒழுங்கா ஓட்டறவங்களுக்கும் அழுத்தறேன். அப்படி அழுத்தினா அவங்க எப்படிடா கத்துக்குவாங்க? எப்பவும் யாரோ பிடிச்சுக்குவாங்கன்னுதானே இருப்பாங்க?”

மெயின் ரோட்டில் இருக்கும் பெரிய டிரைவிங் ஸ்கூல் கேட்டிருக்கிறதாம். காரையும் மாணவர்களின் எண்களையும் கொடுத்துவிட்டு அங்கே வந்தால், மேசையில் உட்கார்ந்து குறியீடுகள் மட்டும் சொல்லித் தரலாம். வண்டியில் ஏற வேண்டியதில்லை. நாளைக் காலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். [அப்போது நான் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு] இல்லை. பிடிக்கவில்லை. சன்னல் வழியாக வெளியே பார்த்தேன். அத்தையும் பார்த்தார்.

“அந்த வெள்ளை வண்டி யாருது? பின்பக்கம் வெளிய நீட்டிட்டு நிக்குது.”

பேக்கரிக்காரருடையது. அத்தை விடுவிடென்று வெளியே போனார். “எடுங்க. ஒரு சுத்து சுத்திட்டு வந்து திரும்பப் போடுங்க.”

“மேடம், இப்பவா?”

“பின்ன, பேக்கரியில பன்னு வெந்த பிறகா?” என்று கேட்டபடி பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பழக்க தோஷம்.

வண்டி நகர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அது பேக்கரிக்காரரின் சொந்த வண்டி. அத்தையின் பக்கம் பிரேக் கிடையாது.

தெருமுனையில் திரும்பி மறைந்தார்கள். வக்கீல் ஏதோ ஜோக் சொன்னார், யாரும் சிரிக்கவில்லை. வண்டி அடுத்த முனையில் வந்தது, ஓரமாக ஒதுங்கியது, பின்னால் போனது, சக்கரம் திரும்பியது, நின்றது. கச்சிதம். அத்தை இறங்கினார். அவர் முகத்தை இங்கே விவரிக்க வேண்டும். முயன்றேன்: [நிம்மதி], [பயம்], [இரண்டும் கலந்த]. எதுவும் ஒட்டவில்லை. எனக்குப் புரியாத முகம்.

என்னிடம் வந்து சொன்னது இவ்வளவுதான்: “அந்தப் பக்கம் வெறும் தரைதான்டா.”

அவர் தரையை அழுத்தினாரா, இல்லையா? பேக்கரிக்காரரைக் கேட்டேன். “நான் ரோட்டைப் பார்த்துட்டிருந்தேன் தம்பி. அவங்கதான் அப்படிச் சொல்லிக் கொடுத்தாங்க.”

6.

முடிவுகள்.

முடிவு அ: அத்தை மூடிவிடுகிறார். என் வாக்கியம் அப்படியே இருக்கலாம். வேலை மிச்சம்.

முடிவு ஆ: மாணவர்களின் அன்பைப் பார்த்து அத்தை தொடர்ந்து நடத்துகிறார். கைடு மேடத்துக்கு இது பிடிக்கும். ஆனால் தெரு நிறைய அன்பு நின்றாலும், அந்த நாய் அதற்காக வராமல் இருக்குமா?

முடிவு இ: [அத்தை பெரிய ஸ்கூலில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, சன்னல் வழியாக]

நிறுத்திவிட்டேன். போனமுறை சும்மா பார்ப்போமே என்று நான் எழுதிய ஒரு வாக்கியம் உண்மையாகிப் போயிருந்தது. இப்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பாதியில் என் கால் போய் அழுத்துகிறது. குறுக்கே எதுவும் வரவில்லை என்று தெரிந்தும்.

“அப்ப எந்த டூல்னுதான் எழுதப் போற?” என்கிறாள் கட்டம்.

“தெரியல.”

“நான் ஒரு வரிசை சேர்த்திருக்கேன். ‘போனதைத் திரும்ப எடுக்க முடியுமா?’”

“என்ன வந்துச்சு?”

அட்டவணையைக் காட்டினாள். மூன்று கருவிக்கும் எதிரே கட்டம் காலியாக இருந்தது. அவள் காலியாக விட்டு நான் பார்த்த முதல் கட்டங்கள் அவைதான்.

7.

சற்றுமுன் அத்தை போன் செய்தார்.

“நாளைக்குக் காலைல நானே அந்த ஸ்கூல்காரங்ககிட்ட பேசிக்கறேன். அதுவரைக்கும் அந்தப் பெட்டில எதுவும் போடாத. உன் பழைய வசனமும் வேணாம்.”

“காலியா விட முடியாது அத்தை. சிவப்பு நட்சத்திரம் இருக்கு.”

“யாரு வச்சது?”

“டெம்ப்ளேட்.”

“அதுக்கு என்னடா அவ்வளவு அவசரம்?”

 என்ன முடிவு பண்ணியிருக்கீங்க என்று கேட்க வாயெடுத்தேன். அந்தப் பக்கம் ஹாரன் சத்தம் கேட்டது. “டாக்டர், பிடுங்காதீங்க!” என்று அத்தை கத்தினார். தொடர்பு அறுந்தது. அது கடைசிப் பாடமா, வழக்கமான பாடமா என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அறிக்கையை நாளை சமர்ப்பிக்க வேண்டும். மேடம் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அத்தை கேட்டதற்கும் இல்லை. பழைய வாக்கியத்தை அழித்துவிட்டுப் பெட்டியைத் திறந்து வைத்திருக்கிறேன். அதற்குள் துடித்துக்கொண்டிருக்கும் கர்சர் கோட்டுக்கு முன்னால் இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். இருக்கை மாறிவிட்டது, கவனித்திருக்க மாட்டீர்கள். கண்ணாடியைப் பாருங்கள். பின்னால் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். அவசரம் இல்லை.

முக்கிய அறிவிப்பு *

[                                        ]

நான் பக்கத்து இருக்கையில்தான் இருக்கிறேன். ஆனால் என் காலடியில் வெறும் தரைதான்.