விசேஷம் உண்டா என்று கேட்ட மெயில்

அந்த வரியை எழுதியது நான்தான். யாரும் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. "அன்புள்ள பரிமளா, வீட்டில் விசேஷம் ஏதாவது உண்டா?" பெயர் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். மீதியெல்லாம் என் சொந்தச் சரக்கு.

ஆரணியில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. பெயர் சுபத்ரா. முகூர்த்தப் புடவை எடுக்க வருகிறவர்கள் கல்யாணப் பத்திரிகை ஒன்றை எங்கள் கடையில் வைத்துவிட்டுப் போவது வழக்கம். முதலாளி இராஜமாணிக்கம் அதைத் தட்டில் வாங்கிச் சாமி படத்துக்குக் கீழே வைப்பார். மறுநாள் காலை அது என் மேசைக்கு வந்துவிடும். பெண்ணின் பெயர், ஊர், முகூர்த்தத் தேதி, பில் போடும்போது கேட்டு வாங்கிய போன் நம்பர், மெயில் ஐடி எல்லாவற்றையும் ஏற்றிவிடுவேன். அப்புறம் கம்ப்யூட்டரே நாள் எண்ணிக்கொள்ளும். தலை தீபாவளிக்கு ஒரு மெயில், தலைப் பொங்கலுக்கு ஒன்று, தலை ஆடிக்கு ஒன்று. நடுவில், கல்யாணமான ஐந்தாம் மாதம் வளைகாப்புப் புடவைக்கு ஒன்று. அந்த ஐந்தாம் மாத மெயிலின் தலைப்புதான் இந்த விசேஷம்.

எனக்குக் கல்யாணமாகி எட்டு வருடம், குழந்தை இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரிகூட என்னிடம் கேட்ட கேள்வி அது. கேட்டவளை அப்படியே ஜன்னல் வழியாக வெளியே தள்ளலாம் போல இருக்கும். ஆனால் அந்தக் கேள்வி வந்தால் எந்தப் பெண்ணாலும் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். நூறு பேருக்கு அனுப்பினால் அறுபது பேர் திறந்தார்கள். முதலாளி சந்தோஷப்பட்டு மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.

யார் திறந்தார்கள், எத்தனை மணிக்கு, எந்த ஊரில், எத்தனை தடவை என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். மெயிலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி ஒளிந்திருக்கும். மெயிலைத் திறந்ததும் அது எங்களுக்குக் கோள் சொல்லிவிடும். வாங்குகிறவர்களுக்கு இது தெரியாது. நாங்களும் சொன்னதில்லை.

மார்ச் மாதம் ஒருநாள் லிஸ்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பெயர் கண்ணில் பட்டது. பரிமளா, கண்ணமங்கலம். அந்த விசேஷ மெயிலைத் தினமும் மதியம் இரண்டு மணிக்குத் திறக்கிறாள். ஒருநாள் தவறவில்லை. பேருக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சிவப்புப் புள்ளி வைத்திருந்தது. வாங்கப் போகிற ஆள் என்று அதற்கு அர்த்தம்.

முதலாளியிடம் காட்டினேன்.

"பார்ட்டி சூடா கீது சுபத்ரா. வுட்றாத" என்றார்.

விடவில்லை. வாரத்துக்கு இரண்டு மெயில் போட்டேன். அதோடு நின்றேனா? சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனி எங்களோடு பெயர்களை மாற்றிக்கொள்ளும். சிவப்புப் புள்ளி விழுந்தவர்களை அவர்களுக்கும் அனுப்பினேன். அவர்கள் தொட்டில்காரனுக்கும், குழந்தை எண்ணெய்க்காரனுக்கும், இன்சூரன்ஸ்காரனுக்கும் கொடுத்தார்கள்.

மே மாதம் ஒரு முற்பகலில் துரைக்கண்ணு என்று ஒருவர் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வேட்டியும் வெளுத்த சட்டையும், கையில் எங்கள் கடைப் பை. கல்யாணத்துக்குப் புடவை எடுத்தபோது கொடுத்த பையைப் பத்திரமாக வைத்திருந்தார். சேல்ஸ் பையன்கள் புடவையை மாற்ற வந்திருக்கிறார் என்று நினைத்து முகத்தைச் சுளித்தார்கள். அவர் பைக்குள்ளிருந்து எடுத்தது ஒரு போன்.

"கம்ப்யூட்டர்ல லெட்டர் போடறது யாரும்மா? நீயா?"

"ஆமாங்க ஐயா. ஏதாவது பிரச்சினையா?"

"எம்பொண்ணு பேரு பரிமளா. ஆவணில கல்யாணம், உங்க கடையிலதான் பொடவை எடுத்தோம். போளூர்ல குடுத்தோம். மாசில காய்ச்சல் வந்து வேலூர் ஆஸ்பத்திரில சேத்தாங்க." காலிப் பையை மடித்தார். "ரெண்டே நாளு. போய்ட்டா."

 போனை என் மேசையில் வைத்தார்.

"இது அவ வச்சிருந்த பழைய போனு. மாப்பிள்ள வூட்ல புதுசு வாங்கிக் குடுத்தாங்க, இத எங்க வூட்டுக்காரம்மா தேவகிகிட்ட குடுத்துட்டுப் போனா. இதுல அவ பேருக்குத் தொட்டிலு வாங்கு, வளையல் வாங்குன்னு வந்துகினே கீதும்மா. தேவகி மத்தியானம் ஆனா இத எடுத்து வச்சிகினு அழுதுகினு கீறா. சோறு எறங்கல. பாத்துப் பாத்து அவளும் போய்டுவாளோன்னு பயமா கீது. நிறுத்திடும்மா. உனக்குப் புண்ணியமா போவும்."

தினமும் இரண்டு மணிக்குத் திறந்தது யார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இரண்டு மாதமாக ஒரு தாயின் அழுகையைப் பார்த்து, வாங்கப் போகிறாள் என்று சிவப்புப் புள்ளி வைத்துக் கொண்டாடியிருக்கிறோம்.

அவரை உட்காரவைத்து டீ வரவழைத்தேன். எங்கள் லிஸ்டிலிருந்து பெயரை எடுத்தேன். சென்னைக் கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்து அங்கேயும் எடுக்க வைத்தேன். தொட்டில்காரன், எண்ணெய்க்காரன், யாரென்றே தெரியாத இன்னும் பதினெட்டுப் பேர் என்று ஒவ்வொன்றாகத் திறந்து, வேண்டாம், வேண்டாம் என்று அமுக்கினேன். விரல் வலித்தது. அதுவும் போதாது என்று தோன்றியது. வந்ததெல்லாம் இருந்தால் அந்த அம்மா திரும்பத் திரும்பப் பார்ப்பாரே? தலை தீபாவளியிலிருந்து எங்கள் கடை அனுப்பியது, மற்றவர்கள் அனுப்பியது எல்லாவற்றையும் அழித்தேன். சிலவற்றில் ஓரத்தில் மஞ்சள் நட்சத்திரம் இருந்தது. விரல் தவறிப் பட்டிருக்கும் என்று நினைத்தேன். குப்பைத் தொட்டிக்குப் போனதையும் விடவில்லை, அதையும் காலி செய்தேன்.

"ஜல்தியா முடிச்சிட்டியேம்மா. இத்தன நாளா பேஜாரா இருந்துது" என்று கும்பிட்டார். "போன எடுத்துகினு வந்தது அவளுக்குத் தெரியாது. கோயிலுக்குப் போய்க் கீறா."

என் கண்ணும் கலங்கிவிட்டது. ஒரு நல்ல காரியம் செய்த திமிரோடு அன்று வீட்டுக்குப் போனேன்.

பத்து நாள் கழித்து ஒரு அம்மா வந்து என் மேசைக்கு எதிரில் நின்றார். மெலிந்த உடம்பு, எண்ணெய் காணாத தலை. கையில் அதே போன்.

"இதுல இருந்ததெல்லாம் காணம்மா. வூட்டுக்காரரக் கேட்டேன், கடைல குடுத்து நிறுத்திட்டேன்னாரு. நிறுத்துனது சரி. பழசெல்லாம் எங்க?"

தேவகி என்று புரிந்தது. எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டேன்.

"அழிச்சிட்டேம்மா. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்…"

"நட்சத்திரம் போட்டதுமா?"

தலையாட்டினேன். அவர் உட்கார்ந்தார்.  போனை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"அவ மாமியாருக்கு அம்மா வூட்டோட போன் பேசினா ஆவாது. பேசிகினே கீறா, வேலை எப்ப செய்வான்னு சொல்லுவாங்களாம். மத்தியானம் ரெண்டு மணிக்கு அவங்க படுப்பாங்க. அப்ப அவ அந்தப் புதுப் போன்ல லெட்டரத் தொறந்து, புடிச்ச பொடவைக்கு நட்சத்திரம் போடுவா. ஒரே ஐடிதான, இந்தப் போன்ல எனக்கும் மஞ்சளா தெரியும். பாத்துட்டேன்னு ஒரு மிஸ்டு கால் குடுப்பேன். அவ்ளோதான் எங்க பேச்சு. தீபாவளிக்கு மாம்பழக் கலருக்குப் போட்டா. பொங்கலுக்கு ஒரு பச்சைக்கு. நான் வாங்கித் தரப்போறதில்லன்னு அவளுக்கும் தெரியும். சும்மா, நான் நல்லா கீறேம்மான்னு சொல்றதுதான்."

 அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

"அப்புறம் ஒருநாள் விசேஷம் உண்டான்னு கேட்டு ஒண்ணு வந்துது. அதுக்கு நட்சத்திரம் போட்டா." தேவகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். குரல் அதற்குள்ளிருந்து வந்தது. "முழுகாம கீறான்னு எனக்குப் புரிஞ்சிட்டுதும்மா. மூணு மாசம் முடியற வரைக்கும் வெளிய சொல்லக் கூடாதுன்னு நாந்தான் சொல்லி அனுப்பியிருந்தேன். அதான் வாயத் தொறக்கல, நட்சத்திரம் போட்டா. எங்க வூட்டுக்காரருக்குக்கூட இது தெரியாது. நீ சொல்லிடாத. பொண்ணு போன துக்கத்தையே தாங்காம கீறாரு."

உலகத்தில் அந்தக் குழந்தை இருந்ததற்கு அடையாளம் அந்த மஞ்சள் நட்சத்திரம் ஒன்றுதான். அதைக் குப்பைத் தொட்டியோடு சேர்த்துக் காலி செய்தவள் நான்.

மெயில் கம்பெனிக்கு எழுதிக் கேட்டுப் பார்த்தேன், அழிந்தது அழிந்ததுதான் என்று பதில் வந்தது. அதே மெயிலைத் திரும்ப அனுப்பட்டுமா என்று கேட்டேன். எத்தனை மூளைகெட்ட கேள்வி.

"அனுப்பலாம்மா. நட்சத்திரம் யாரு போடுவா?" என்றார்.

கோபத்தோடு சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்போதுதான் மெயிலுக்குள் ஒளிந்திருக்கும் அந்தக் கோள்சொல்லிப் புள்ளி நினைவுக்கு வந்தது. லிஸ்டிலிருந்து பெயரை எடுத்தேனே ஒழிய, திறந்த கணக்கை எங்கள் கம்ப்யூட்டர் அழிக்கவே அழிக்காது. தேடினேன். இருந்தது. ஒரு தாளில் பிரிண்ட் எடுத்தேன். ஆங்கிலத்தில் இருந்ததால் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானே படித்தேன்.

"பிப்ரவரி மூணு, மதியம் ரெண்டு அஞ்சு, போளூர். இது பரிமளாம்மா. முதல் தடவை திறந்தது."

தேவகி தாளின் மேல் விரலை வைத்தார். "அப்புறம்?"

"ரெண்டு ஒன்பது, போளூர். ரெண்டு பதினொன்னு, போளூர். ரெண்டு முப்பது கண்ணமங்கலம்."

"அது நானு. பாத்துட்டு மிஸ்டு கால் குடுத்தேன்."

"ரெண்டு முப்பத்திரண்டு போளூர். மூணு மணிக்குப் போளூர். அஞ்சேகால், போளூர். ஏழு மணி, போளூர்."

விரலை விட்டு எண்ணினார். "ஏழு தடவையா? ஒரே நாள்லயா?"

"ஆமாம்மா."

"எவ்ளோ சந்தோஷமா இருந்திருப்பா" என்றார். முகம் ஒரு நொடி மலர்ந்தது. அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் தாளைப் பார்த்தேன்.

அடுத்தடுத்த நாட்களிலும் போளூர், போளூர் என்று இருந்தது. பிப்ரவரி இருபத்தைந்தில் ஊர் மாறியது. படிக்கலாமா என்று தயங்கினேன். ஒளிப்பதற்கு எனக்கு என்ன உரிமை இருக்கிறது? படித்தேன்.

"பிப்ரவரி இருபத்தஞ்சு, மதியம் மூணு இருபது. வேலூர்."

தேவகியின் விரல் நின்றுவிட்டது.

"ஆஸ்பத்திரி" என்றார். "அன்னிக்குச் சேதி வந்து நாங்க பஸ் புடிச்சிப் போய்ச் சேர நாலு மணி. நெனவு தப்பிடுச்சு, உள்ள வுட முடியாதுன்னுட்டாங்க. அப்புறம் அவ கண்ணே தொறக்கல. மூணு இருவதுக்குப் போன் அவ கையில இருந்திருக்கு. இதத்தான் பாத்துகினு இருந்திருக்கா."

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. நான்தான் அழுதேன். கடையில் யாரோ அரக்குப் புடவையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள், அதுவும் கல்யாணப் பார்ட்டிதான்.

அவர் விரல் வேலூருக்குக் கீழே இறங்கியது. அங்கிருந்து தாளின் கடைசி வரைக்கும் ஒரே மாதிரி வரிகள்.

"இதெல்லாம்?"

"கண்ணமங்கலம். மதியம் ரெண்டு. தினமும்."

"நானு."

"ஆமாம்மா."

தாளை நான்காக மடித்து, போனோடு சேர்த்து இடுப்பில் செருகிக்கொண்டார். எழுந்தவர் நின்று என் முகத்தைப் பார்த்தார்.

"நான் தெனம் பாக்கறதையும் நீங்க பாத்துகினு இருந்தீங்களா?"

"ஆமாம்மா."

"அப்ப ஒரு நாளாச்சும் கேட்டிருக்கலாமேம்மா. யாரும்மா நீ, ஏன் தெனம் இதையே பாக்கறன்னு."

கண்ணமங்கலம் வழியாக வேலூர் போகிற பஸ் வந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். நாங்கள் கேட்கவில்லை. தொட்டில் விளம்பரம் அனுப்பினோம்.