கேட்டேன் என்று எழுதாதே

அந்தப் பாட்டு முதலில் வந்து நின்றது வீட்டில்தான். காலை ஐந்தரைக்குப் போன் வழக்கம்போல அலாரம் அடித்தது. மேலக்கா கையை நீட்டி அமுக்கினாள். அமுக்கிய விரலை எடுப்பதற்குள், எவனோ ஒருவன் மேளம் தாளம் எதுவும் இல்லாமல், "வா... வா... வா..." என்று இழுக்கத் தொடங்கினான்.

பக்கத்தில் படுத்திருந்த வீட்டுக்காரர் போர்வைக்குள்ளிருந்தே குரல் கொடுத்தார். "யாருடி அது, விடிஞ்சும் விடியாம உன்னைக் கூப்பிடுறவன்?"

"எவனோ ஒருத்தன் கூப்பிடுறான். பதினெட்டு வருஷத்துல நீங்க ஒரு தடவை இப்படிக் கூப்பிட்டிருப்பீங்களா?"

திரையில் ஒரு பாடகரின் முகம். கண்ணை மூடி, மார்பில் கை வைத்திருந்தார். கீழே, 'உங்களுக்கு எங்கள் அன்பளிப்பு. பன்னிரண்டு புத்தம் புதிய பாடல்கள். மகிழுங்கள்!' என்று போன் கம்பெனி எழுதியிருந்தது. மேலக்காவின் போனில் அதுவரை ஒரு பாட்டுகூடக் கிடையாது. பாட்டு பிடிக்காதவள் என்றில்லை. பகல் முழுக்க இரும்போடு இரும்பு உரசும் சத்தத்தில் கிடக்கிறவளுக்குக் காது சும்மா இருப்பதே சுகம். அழிக்கிற இடம் எங்கே என்று குடைந்து பார்த்தாள். பிடித்திருந்தால் அமுக்க, நண்பருக்கு அனுப்ப, அம்மாவுக்குப் பரிசளிக்க என்று ஒவ்வொன்றுக்கும் பொத்தான் இருந்தது. அழிக்க மட்டும் இல்லை.

பேருந்தில் ஏறினால் அங்கேயும் அதே கூத்து. முன்னால் ஒருத்தர் போனில் 'வா', பின்னால் இன்னொருத்தர் போனில் 'வா'.

"நாலு போட்டோவ அழிச்சாத்தான் இனி இடம் இருக்காம். எம்பொண்ணு போட்டோவ அழிச்சிட்டு இவன் மூஞ்சிய வச்சுக் கும்பிடணுமா?" என்று ஒரு மெக்கானிக் கொதித்தார்.

"உங்களுக்காவது போட்டோ. நேத்து சாயங்காலம் எதிர் வீட்டுப் பாட்டியைக் கிடத்தியிருக்கு, சுத்தி உக்காந்து அழுதுட்டிருக்கோம். என் மடியில இருந்து 'வா வா'ன்னு ஒருத்தன் கூப்பிடுறான். அடுத்தது யாருன்னு எல்லாரும் என் மூஞ்சியவே பாக்குறாங்க," என்றாள் ஜன்னலோரத்துப் பெண். பேருந்தே சிரித்தது.

"சும்மா தர்றதை எதுக்குத் திட்டுறீங்க? பிடிக்கலைன்னா கேக்காம இருங்க," என்றார் கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டிருந்த ஒருவர்.

"நாளைக்கு உங்க வீட்டு நடுக்கூடத்துல நான் ஒரு கட்டிலைப் போட்டுப் படுத்துக்கறேன். பிடிக்கலைன்னா பாக்காம இருங்க," என்றார் மெக்கானிக். அட்டைக்காரர் தன் அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மேலக்காவும் சிரித்துவிட்டுத்தான் இறங்கினாள். தன் பிழைப்பின் மேல் அந்தப் பாட்டு கை வைக்கும் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

அவளுக்கு வேலை இரும்புக் கிடங்கில். கம்பிக்கட்டுகளைத் தூக்கி லாரியில் வைக்கும் கிரேனை ஓட்டுகிறவள் அவள். ஐம்பத்திரண்டு படி ஏறினால் கண்ணாடிக் கூண்டு. அதில் ஒரு நாற்காலி, இரண்டு நெம்புகோல். மேலேயே இருக்கிறவள் என்பதால் மேலக்கா. பதினோரு வருஷம் கீழே நின்று தோளில் கம்பி சுமந்தவள். வலது தோள் இன்றைக்கும் இடதைவிட ஒரு விரல்கடை தாழ்ந்துதான் இருக்கும். பொம்பளைக்கு எதற்கு லைசென்ஸ் என்று கேட்டவர்களைக் கேட்கவிட்டு, இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை வாங்கினாள். அந்த நாற்காலியை அவளுக்கு யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை.

மேலே இருப்பவளுக்குக் கீழே எல்லாம் தெரியாது. லாரியின் அந்தப் பக்கம், சுவரோரம், கட்டின் அடிப்பாகம் எல்லாம் மறைந்துவிடும். அதற்குத்தான் கீழே ஒரு ஆள், விசிலண்ணன். கட்டை இறக்கும்போது, "வா வா வா" என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருப்பார், தூக்கும்போது "போ போ போ." குரல் ஓடுகிறவரை சுமை ஓடும். குரல் நின்றால், காரணம் எதுவானாலும், சுமை நிற்க வேண்டும். தொழிலில் இதற்கு மேல் சட்டம் கிடையாது. முன்பெல்லாம் குரல் வாக்கி டாக்கியில் வரும். நாலு மாசத்துக்கு முன்னால் இரண்டு செட்டும் செத்துப்போயின. புதுசு கேட்டதற்கு மேனேஜர், "ஆளாளுக்குக் கையில போன் இருக்கே, அதுல பேசிக்கோங்க," என்றார். அன்றிலிருந்து சொந்தப் போன், சொந்தக் காசில் வாங்கிய இயர்போன், காலையில் போட்ட அழைப்பு சாப்பாடு வரை அறுபடாமல் ஓடும்.

அன்று பத்து மணிக்கு இரண்டு டன் கட்டு. லாரியைச் சுவரோடு ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். விசிலண்ணன் சுவருக்கும் லாரிக்கும் நடுவே நின்று, கட்டின் முனையை ஒரு கையால் திருப்பிக்கொண்டே, "வா வா வா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அழைப்பு அறுந்தது. காதில் அரை மூச்சு அமைதி. மேலக்காவின் கை நெம்புகோலை நிறுத்தத்துக்குத் தள்ளப் போனது. அதற்குள் காதில் மறுபடி, "வா... வா..."

கை பழகிய கை. இறக்கிற பக்கமே போனது.

மூன்றாவது 'வா' வளைந்து நெளிந்து வயலினுக்குள் நுழைந்த பிறகுதான் அது விசிலண்ணன் இல்லை என்று அவள் புத்திக்கு உறைத்தது. நெம்புகோலைத் தள்ளி நிறுத்தினாள். கட்டு லாரியின் பக்கப் பலகை மேல் உட்கார்ந்து அதைத் தகரம்போல மடக்கியிருந்தது. கையை உருவிக்கொண்ட விசிலண்ணனின் இரண்டு விரலில் தோல் இல்லை. இன்னும் கண்ணிமைக்கிற நேரம் போயிருந்தால் விரலே இருந்திருக்காது.

இறங்கி ஓடிவந்தவளைப் பார்த்து அவர், "நிறுத்து நிறுத்துன்னு கத்துறேன், என்ன தாயி, வந்துட்டே இருக்கே?" என்றார்.

"எவனோ ஒருத்தன் வா வான்னாண்ணே. நீங்கன்னு நெனச்சிட்டேன்."

பதினொரு மணிக்கு விசாரணை. மேனேஜர் அறையில் அவர், பாதுகாப்பு அதிகாரி, எழுதுவதற்குக் குமாஸ்தாப் பெண். பாதுகாப்பு அதிகாரிக்கு வயது முப்பதுக்குள்; வெள்ளைத் தொப்பியில் இன்னும் ஒரு கீறல்கூட விழவில்லை. மேலக்கா நின்றுகொண்டிருந்தாள். விரலில் கட்டோடு விசிலண்ணன் கதவோரம்.

"நேரா கேக்கறேன்மா," என்றார் அதிகாரி. "வேலை நேரத்துல பாட்டு கேட்டீங்களா?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். "கேட்டேன் சார். அது கேட்டதாலதான் கட்டு இறங்குச்சு."

குமாஸ்தாப் பெண்ணின் பேனா ஓடியது. மேனேஜர் தாளை வாங்கி உரக்கப் படித்தார். "பணி நேரத்தில் பாட்டுக் கேட்டுக்கொண்டே கிரேன் இயக்கியதை ஒப்புக்கொள்கிறேன். சரியா? கீழ கையெழுத்து போடு. லைசென்ஸ்ல குறிப்பு ஏத்துவாங்க. நாளையிலேர்ந்து கீழ கம்பி அடுக்கற வேலைக்கு வந்துடு. வேலையை விட்டு அனுப்பலை, அதுக்குச் சந்தோஷப்படு."

மேலக்காவுக்கு வலது தோளில் சுரீரென்றது. அந்தக் குறிப்பு ஏறிவிட்டால் இந்தக் கிடங்கு மட்டுமல்ல, எந்தக் கிடங்கிலும் அவளை ஏணிப் பக்கம் விடமாட்டார்கள்.

"அப்படி நான் சொல்லல," என்றாள்.

"இப்பத்தானே கேட்டேன்னே?"

"காதுல விழுந்துச்சு, அதனால கேட்டேன்னேன். உக்காந்து ரசிச்சுக் கேட்டதா எழுதியிருக்கீங்க. நான் அந்தப் பாட்டைக் கேக்கவே இல்ல சார்."

"கேட்டேங்கறே, கேக்கலேங்கறே. என்னம்மா வெளையாடறியா?"

"உங்க கிட்ட நாலு மாசமா வாக்கி டாக்கி கேட்டேன். அது கேட்டது. அதைத் தரல. பாட்டை எவன் கிட்டயும் கேக்கல. அது வந்துடுச்சு. எது எந்தக் கேட்டேன்னு பிரிச்சு எழுதச் சொல்லுங்க."

குமாஸ்தாப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான்.

அதிகாரி பொறுமையாகப் பேசுகிறவர்போல் முன்னால் சாய்ந்தார். "பாருங்கம்மா, போன்ல பாட்டு இருக்கலாம். என் போன்லகூட இருக்கு, நேத்து வந்துச்சு. ஆனா போடாம அது எப்படிப் பாடும்? யாராவது ஒருத்தர் அமுக்கணும் இல்ல?"

"போடாமலே பாடும் சார். பேச்சு அறுந்தா இயர்போன் சும்மா இருக்காது. போன்ல எது முதல்ல கெடக்குதோ அதை எடுத்து விட்டுடும். என் போன்ல அவங்க போட்ட பன்னெண்டுதான் கெடக்கு, அதுல முதல் பாட்டு இது."

"அதெல்லாம் நம்பற மாதிரியா இருக்கு?"

மேலக்கா இயர்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். "மாட்டுங்க."

"எதுக்கு?"

"உங்களுக்குப் பாதுகாப்பு வேலைதானே? மாட்டிப் பாருங்க."

மேனேஜர், "சரி, மாட்டித்தான் பாரேன்," என்றார். அதிகாரி கைக்குட்டையால் இரண்டு முறை துடைத்துவிட்டு மாட்டினார். மேலக்கா விசிலண்ணனுக்கு அழைப்புப் போட்டாள். அவர் கதவோரம் நின்று, "வா வா வா, வந்துட்டே இரு, வா வா," என்று தொழில் பிசகாமல் சொன்னார். "கேக்குதா சார்?" "ம், தெளிவா கேக்குது." விசிலண்ணன் கட்டு போட்ட விரலாலேயே அழைப்பை அறுத்தார்.

அதிகாரியின் தோள் துள்ளியது. கை போய்த் தண்ணீர் டம்ளரைத் தட்டியது. மேனேஜரின் மேசை முழுக்கத் தண்ணீர்.

"கேட்டுச்சா?" என்றாள் மேலக்கா.

"கேட்டேன் கேட்டேன்! ஐயோ, என்ன இப்படிக் கத்துது!"

மேலக்கா குமாஸ்தாப் பெண் பக்கம் திரும்பினாள். "எழுதும்மா. பாதுகாப்பு அதிகாரி பணி நேரத்தில் பாட்டுக் கேட்டதை அவரே ஒப்புக்கொண்டார்."

விசிலண்ணன் பல்லிடுக்கில் ஒரு நீளமான விசில் விட்டார். குமாஸ்தாப் பெண் இந்த முறை மறைக்காமலே சிரித்தாள். அதிகாரி இயர்போனைத் தேள்போல எடுத்து வைத்தார், முகம் சிவந்திருந்தது. ஆனால் மனுஷன் நேர்மையானவர்தான். "சார்," என்றார் மேனேஜரிடம், "அவங்க சொல்றது உண்மை. நான் எதையும் அமுக்கல."

மேனேஜர் நனைந்த காகிதங்களை உதறிக்கொண்டிருந்தார். "சர்க்கஸ் முடிஞ்சுதா? லாரிக்காரனுக்கு நான் பதில் சொல்லணும். யாரோ ஒருத்தர் பேர்ல தப்பு விழுந்தாகணும். போன் உன்னோடது. கையெழுத்தைப் போடு."

"போன் என்னோடது. அதுல வேலை பாக்கச் சொன்னது யாரு?"

"ஏம்மா, ரொம்பப் பேசாதே."

"நான் பேசினது ரொம்பக் கம்மி சார். போன் கம்பெனிக்காரன் என்னைக் கேக்காம என் போன்ல கை வச்சான். நீங்க என்னைக் கேக்காம என் போனைக் கிரேன்ல மாட்டினீங்க. நடுவுல போயிருக்க வேண்டியது இவர் விரல். அதுக்கு நான் கையெழுத்துப் போடணுமா? மாட்டேன். வேற தாள் எழுதுங்க. எழுதற வரைக்கும் நான் ஏற மாட்டேன்."

"நீ ஏறலேன்னா அடுத்த ஷெட்டுக்காரன் ஏறுவான்."

விசிலண்ணன் கதவோரத்திலிருந்து முன்னால் வந்தார். "கீழ யாரு சார் நிப்பா? நான் நிக்க மாட்டேன். என் போனும் இனிமே என் பையிலதான் இருக்கும். இங்க வர்றதுக்கு முன்னாடி மத்த கிரேன் ஆளுங்க கிட்டயும் சொல்லிட்டுத்தான் வந்தேன். எல்லார் போன்லயும் அதே 'வா வா'தான் கெடக்கு. எவனும் தன் விரலைப் பணயம் வைக்கத் தயாரா இல்ல."

மேனேஜர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். கிடங்கில் மூன்று கிரேனும் நின்றிருந்தன. கொக்கிகள் காற்றில் லேசாக ஆடின. லாரிகள் வாசல் தாண்டித் தெரு வரை வரிசை கட்டியிருந்தன.

"என்னன்னு எழுதணும்?" என்றார் திரும்பாமலே.

மேலக்கா ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். குமாஸ்தாப் பெண் எழுதினாள். வாக்கி டாக்கி பழுதானதால் நிர்வாகம் சொன்னபடி சொந்தப் போனில் பேசி வேலை நடந்தது. அழைப்பு அறுந்தபோது, யாரும் கேட்காமல் போனில் போடப்பட்ட பாட்டு தானாக ஒலித்தது. அதன் சொல்லும் வேலைக்குறிப்புச் சொல்லும் ஒன்றாக இருந்ததால் சுமை இறங்கியது.

"நிர்வாகம் சொன்னபடிங்கறதை எடுத்துடலாமே," என்றார் மேனேஜர்.

"எடுத்தா என் கையெழுத்தையும் எடுத்துடுவேன்."

"இதுக்கு மேலிடத்துல என்னை வறுத்து எடுப்பாங்க, தெரியுமா?"

"தெரியும் சார். பதினோரு வருஷம் அந்த வெயில்லதான் நின்னேன்."

அவர் தாளை இழுத்தார். மேலக்கா அதன் மேல் கையை வைத்தாள். "முதல்ல நீங்க." அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு போட்டார். அதிகாரி போட்டார். கடைசியாகத்தான் அவள் வாங்கி, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்து, தன் பெயரை முழுசாக எழுதினாள்.

"ஆச்சா? இப்பவாவது ஏறுவியா?"

"வாக்கி டாக்கி செட்டு?"

"ஆள் அனுப்பறேன். டவுன்லேர்ந்து வர ரெண்டு மணி ஆகும்."

"ஆகட்டும்."

வெளியே ஒரு லாரிக்காரன் ஹாரனில் கையை வைத்தான். அடுத்தவனும் சேர்ந்துகொண்டான்.

"அவங்க கிட்ட நான் என்ன சொல்லட்டும்?" என்றார் மேனேஜர்.

"நடந்ததைச் சொல்லுங்க," என்றாள் மேலக்கா. அவருக்கு எதிரே கிடந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, விசிலண்ணனின் கட்டு அவிழ்ந்திருப்பதைப் பார்த்து, "இங்க கொடுங்கண்ணே அந்தக் கையை," என்றாள்.