நன்றியுரையில் விட்டுப்போன பெயர்

மகாதேவனை நான் மன்னிக்கவில்லை. இனி மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையில் எங்கள் ரிசார்ட். அதன் முன்னால் கல் பாவிய பெரிய திடல். பிளாசா என்று போர்டு வைத்திருக்கிறோம். அறை எடுத்தவர்கள்தான் என்றில்லை, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். சாரல் சீசனில் சனிக்கிழமைதோறும் அங்கே நிகழ்ச்சி நடத்தலாம் என்று சொன்னவள் நான். பண்பொழிக்குப் போய் செண்பகவல்லி அக்காவின் கோலாட்டக் குழுவைக் கூட்டி வந்தவள் நான். தென்காசிக் கல்யாண மண்டபங்களை விட்டு இங்கே வந்து வாசிக்கும்படி அஃப்சலின் இசைக்குழுவை நச்சரித்தவளும் நான். நிகழ்ச்சி மேலாளர் மகாதேவன் செய்தது ஒன்றே ஒன்று. கூட்டம் சேர்ந்த பிறகு மேடையேறி, எல்லாம் தன் யோசனை என்றான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இந்த சீசனின் தொடக்க விழாவுக்கு முதல் நாள் கூப்பிட்டுச் சொன்னான்.

"ஏட்டி ரூபி, இனிமே பிளாசாவை எம் மச்சினன் முத்துகுமரன் பாத்துக்கிடுவான். நாளைக்கு மொதலாளிகிட்ட பேசி முடிச்சிருதேன். நீ ரிசப்ஷன்ல உக்காரு."

"நான் உண்டாக்குனதுல்லா சார் அது."

"நீ மைக்குல பேசுன. பேசுததுக்கா ஆளு இல்ல?"

எனக்கு வயிறு எரிந்தது. அழுகை வரவில்லை. இவனை என்ன செய்யலாம் என்று மட்டும்தான் ஓடியது.

புது முதலாளி அய்யாக்குட்டி அண்ணாச்சி சிவகிரி வியாபாரி. போன மாதம்தான் ரிசார்ட்டை வாங்கியிருந்தார். பத்திரம், சாவி எல்லாம் வக்கீல் வழியாக முடிந்ததால் எங்களில் ஒருவரையும் அவருக்குத் தெரியாது. அலுவலகத்தில் மாட்டிய படத்தில்தான் நாங்கள் அவரைப் பார்த்திருந்தோம். விழாவுக்கு நேரில் வந்து பார்த்துவிட்டு, பிளாசா யார் பொறுப்பு என்று சொல்வதாகத் தகவல் வந்திருந்தது.

மகாதேவன் வரவேற்புரையைத் தனக்கு வைத்துக்கொண்டு நன்றியுரையை என் தலையில் தள்ளினான். நம் ஊரில் நன்றியுரையை யார் கேட்கிறார்கள்? 'இறுதியாக' என்ற சொல் காதில் விழுந்ததும் பையைத் தூக்கித் தோளில் போடுகிற ஜனங்கள்.

விழா அன்றைக்குப் பார்த்து அண்ணாச்சியின் கார் சீசன் நெரிசலில் மாட்டிக்கொண்டது. சிறப்பு விருந்தினரோ அடுத்த விழாவுக்குப் போகவேண்டும் என்று அவசரப்படுத்தினார். வேறு வழியில்லாமல் மகாதேவன், தன் பெருமையையெல்லாம் அண்ணாச்சிக்கு என்று போட்டிருந்த காலி சோபாவைப் பார்த்துப் பேசி முடித்தான். பிறகு பொன்னாடையை எடுத்துக்கொண்டு காரை எதிர்பார்த்து வெளிவாசலுக்கு ஓடினான்.

அண்ணாச்சி காரை வழியிலேயே விட்டுவிட்டார். சாரலில் நனைந்தபடி பக்கத்து வழியாக நடந்து வந்து, தாமே முன்வரிசையில் உட்கார்ந்து துண்டால் தலையைத் துவட்டினார். அஃப்சல் கடைசிப் பாட்டை முடித்துக்கொண்டிருந்தான். நான் மைக்கை எடுத்தேன்.

முன்னால் நடந்த எதையும் பார்க்காதவருக்கு நன்றியுரைதான் விழா. நான் ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல, அவரவர் எழுந்து கும்பிட்டார்கள். அண்ணாச்சி திரும்பித் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். செண்பகவல்லி அக்கா, அஃப்சல், திடலைக் கூட்டித் துடைத்த ஆவுடைத்தாய், ஒலிபெருக்கி போட்டவர்கள், நாற்காலி போட்டவர்கள். "தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்த முத்துகுமரன் அவர்களுக்கும் நன்றி" என்றேன். அந்த மடையனும் பல்லைக் காட்டிக்கொண்டு எழுந்து கும்பிட்டான்.

மைக் சத்தம் கேட்டு மகாதேவன் ஓடி வந்து மேடைக்குக் கீழே நின்றான். பெரிய பெயர் கடைசியில் வரும் என்ற நம்பிக்கை. சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு சிரித்த முகமாகக் காத்திருந்தான். நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"நிறைவாக, நாட்டுப்பண்."

கூட்டம் எழுந்தது. அண்ணாச்சி விறைப்பாக நின்றார். மகாதேவனும் கையில் பொன்னாடையோடு நின்றான். நகர முடியுமா, வாயைத் திறந்து கத்தத்தான் முடியுமா? கண்ணால் மட்டும் என்னைப் பொசுக்கினான். நான் அவனைப் பார்த்தபடியே முழுவதும் பாடினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாகப் பாடியதில்லை.

பாடி முடித்ததும் மேடைக்குத் தாவி வந்து என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினான். அது அணைந்திருக்கவில்லை.

"எம் பேரை எங்கட்டி முழுங்குன?"

திடல் முழுக்கக் கேட்டது. கிளம்பிய ஜனம் திரும்பி நின்றது. அண்ணாச்சி மெல்ல மேடைக்கு அருகில் வந்தார்.

"இவரு யாரும்மா?"

மேலாளர் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை.

"மகாதேவன் சார், அண்ணாச்சி. வரவேற்புரை பேசுனவங்க."

"அப்படியா? நான் வரதுக்குள்ள அது முடிஞ்சிட்டு போல" என்றவர் என் பக்கம் திரும்பினார். "அடுத்த சனிக்கிழமைக்கு என்னம்மா வச்சிருக்க?"

"வில்லுப்பாட்டு, அண்ணாச்சி."

"அப்ப நீயே நடத்து. ஜனங்க போகுததுக்குள்ள சொல்லிரு."

என் வயிறு குளிர்ந்தது. மகாதேவன் முன்னால் கையை நீட்டினேன்.

"மைக்கைத் தாங்க சார்."

தந்தான்.