பாதையோரத்து இரண்டு வரிசை

அபூசாலியின் தோட்டத்தில் பாதையோரமாக நிற்கும் கடைசி இரண்டு வரிசை மரவள்ளி அவருடைய கணக்கில் இல்லை. நடும்போதே அல்லாஹ்வுக்கென்று மனதில் நிய்யத்து வைத்துவிடுவார். அது சதக்கா, தர்மம். கிழங்கு எடுக்கும் நாளில் இல்லாதவர்கள் சாக்கோடு வந்து கொண்டுபோவார்கள்.

இது விவசாயப் போதனாசிரியர் சுஜித்தாவுக்குத் தெரியாது. பெரியநீலாவணை மணலில் மரவள்ளிக் கொழுந்து வெளிறுவது சிங்க் சத்து இல்லாமல்தான் என்று அவள் நினைத்தாள். பரீட்சித்துப் பார்க்க அபூசாலியின் தோட்டத்தைப் பிடித்தாள். முழுத் தோட்டத்துக்கும் சிங்க். ஒப்பிட்டுப் பார்க்க ஓரத்து இரண்டு வரிசைக்கு மட்டும் இல்லை. நிறுவையில் வித்தியாசம் தெரிந்தால் அந்த மணலில் பயிர் செய்யும் நாற்பது பேருக்கும் சிங்க் வரும்.

இரண்டாம் மாதம் ஓரத்துக் கொழுந்து மட்டும் வெளிறியது. அபூசாலிக்குத் தொழுகையில்கூட அது கண்ணுக்குள் நின்றது. நல்லதைத் தனக்கு வைத்துக்கொண்டு நோஞ்சானை அல்லாஹ்வின் பேரில் கொடுப்பதா? சிங்க் கிழங்கிலும் ஏறும், வளரும் பிள்ளைகளுக்கு நல்லது என்று அவளே சொல்லியிருந்தாளே. ஒருநாள் விடியலில் சுபஹு தொழுத கையோடு மிச்சமிருந்த சிங்கைக் கரைத்து ஓரத்து இலைகளுக்கு அடித்தார். பிறகும் இரண்டு தரம் அடித்தார். மனைவி சல்மா உம்மாவுக்கும் சொல்லவில்லை. கொடுத்ததைச் சொல்லிக்காட்டினால் அல்லாஹ்விடம் கிடைக்கும் கூலி போய்விடும்.

பத்தாம் மாதம் கிழங்கைப் பிடுங்கி நிறுத்துப் பார்த்தார்கள். உள்ளே மரத்துக்கு நாலு கிலோ. ஓரத்திலும் நாலு கிலோ.

பக்கத்துத் தோட்டத்து மீராமுகைதீன் சிரித்தான். "உங்கட வெள்ளத் தூள விட எங்கட ஆட்டுப் புழுக்க மேல், மிஸ்."

சுஜித்தா சிரிக்கவில்லை. அண்ணனை அழைப்பதுபோல் அபூசாலியிடம் சொன்னாள்: "அப்ப இந்த மண்ணுக்குத் தேவையில்ல எண்டுதான் எழுதணும், காக்கா."

வேலிக்கு வெளியே நாலைந்து பெண்கள் சாக்கோடு நின்றார்கள். வாயைத் திறந்தால் அவர்கள் முன்னாலேயே தர்மத்தைச் சொல்லிக்காட்டியதாகும். மூடினால் நாற்பது தோட்டமும் வெளிறிக் கிடக்கும்.

"எழுதாதீங்க மிஸ்," என்றார் அபூசாலி. "ஓரத்துக்கும் நான் அடிச்சிட்டன்."

"என்ன காக்கா இது! பத்து மாசம் வீணாப் போச்சே!"

"அது சதக்கா வரிசை. நோஞ்சானக் குடுக்க மனம் வரல்ல."

"நன்மையையும் களவாத்தான் செய்வியா மச்சான்?" என்றான் மீராமுகைதீன்.

சுஜித்தா எழுதியதை வெட்டினாள். "முதல்ல இருந்து நடணும். இந்தமுற எந்த வரிசய சிங்க் இல்லாம விடுறது?"

"நடுவுல விடுங்க. அது என்ட வீட்டுக்கு."

அபூசாலி ஓரத்துக் கிழங்கை அள்ளிச் சாக்குகளில் போட்டார். கூலி போயிற்றா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. கிழங்கு நல்ல கனமாக இருந்தது.