வெளிக்காரணம் ஏதுமின்றி

1

பன்னிரண்டு மணி நேரம். இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

நூற்று நாற்பது வருடங்களுக்கு முன்பு, இதே லண்டனில், சில அறிஞர்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். மெய்யியல் கற்பித்தவர்கள் இருந்தார்கள், இயற்பியல் கற்பித்தவர்களும் இருந்தார்கள். ஆவி, தூரத்தில் இருப்பவரின் நினைப்பு இங்கே வந்து கேட்பது, இவற்றை நம்பவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம், எண்ணிப் பார்ப்போம் என்று முடிவு செய்தார்கள். பிறகு பதினேழாயிரம் பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: அருகில் இல்லாத ஒருவரைக் கண்டதோ, அவர் குரலைக் கேட்டதோ உண்டா? பத்தில் ஒருவர் ‘ஆம்’ என்றார். அந்த ஆம்களில், தான் கண்ட ஆள் அதே சமயத்தில் இறந்துபோனார் என்று சொன்னவர்களைத் தனியே எடுத்து வைத்தார்கள்.

அதே சமயம் என்றால் எவ்வளவு? இறப்புக்கு முன் பன்னிரண்டு மணி நேரம். இறப்புக்குப் பின் பன்னிரண்டு மணி நேரம். பதின்மூன்றாவது மணியில் வந்து நின்றவர் கணக்கில் இல்லை.

அந்தப் பதின்மூன்றாவது மணிக்காரரை நினைத்துக்கொண்டு நான் பல நாள் ட்ராமில் போய்வந்தேன். லண்டனின் தெற்கே, மிச்சம் என்ற பகுதியில், ட்ராம் வீடுகளின் பின்பக்கமாகப் போகும். கொடியில் காயும் துணிகளுக்கு நடுவே அவர் நிற்பதாக நினைப்பேன். நேரம் தவறிவிட்டது என்று அவருக்கே தெரியாது.

அவரைப் பற்றித்தான் எழுத இருந்தேன். இது அந்தக் கதை அல்ல.

2

முதல் தொடக்கம்: ‘மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் தர்மிகா’

(விட்டுவிட்டேன். லண்டனில் நடக்கும் கதைக்கு மழையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.)

இரண்டாவது: ‘தர்மிகாவின் மாமா வவுனியாவில் இறந்த அதே நொடியில், லண்டனில் அவளுடைய அம்மாவின் காதில்’

(இதையும் விட்டேன். இது தொடக்கமல்ல, முடிவு என்று அப்போது நினைத்தேன். மூன்று வரைவுகள் வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.)

மூன்றாவது தொடக்கத்தில் எதையும் அலங்கரிக்கவில்லை. தர்மிகாவுக்கு இருபத்து நான்கு வயது. இயற்பியல் படித்தவள். இப்போது அறிவியல் வரலாற்றில் முதுகலைப் பட்டத்துக்கு ஓர் ஆய்வேடு எழுதுகிறாள். அந்தப் பழைய கேள்வியும் பன்னிரண்டு மணி நேர எல்லையும்தான் பொருள். நூலகத்தின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து அந்தச் சங்கத்தின் அறிக்கைத் தாள்களைப் புரட்டுவாள். அங்கே விளக்குகள் ஆள் அசையாவிட்டால் தாமாக அணைந்துவிடும். அவள் அதிகம் அசையாதவள். அடிக்கடி இருட்டில் கையை ஆட்டுவாள்.

அந்தக் காலத்துப் படிவத்தில் இருபத்தைந்து வரிகள். ஒருவர் இருபத்தைந்து பேரிடம் கேட்டு நிரப்ப வேண்டும். தர்மிகா அதே கேள்வியைத் தமிழாக்கி, மிச்சத்திலும் ஸ்ட்ரெதத்திலும் இருபத்தைந்து தமிழரிடம் கேட்பது என்று தீர்மானித்தாள். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் அதுதான்.

3

கேள்வி இது. இரண்டு வாரம் எடுத்தது அவளுக்கு. (எனக்கு மூன்று.)

‘முழு விழிப்பில் இருக்கும்போது, அருகில் இல்லாத ஒருவரைக் கண்டதாகவோ, அவர் தொட்டதாகவோ, அவர் குரலைக் கேட்டதாகவோ உங்களுக்கு எப்போதாவது தெளிவாகத் தோன்றியதுண்டா? அதற்கு, நீங்கள் அறிந்தவரை, வெளிக்காரணம் ஏதும் இருந்ததா?’

சிக்கல் ‘தோன்றியது’ என்ற சொல்லில். எனக்குத் தோன்றியது என்றால் நான் நினைத்தேன் என்றும் ஆகும். அவர் தோன்றினார் என்றால் வந்தே நின்றார் என்று ஆகும். பிரமை என்று போட்டால், கேட்கும்போதே தீர்ப்பும் சொன்னதாகிவிடும். தர்மிகா ‘தோன்றியது’ என்பதையே வைத்துக்கொண்டாள். அந்தச் சொல் இரண்டு பக்கமும் கதவு உள்ள அறை போலிருந்தது அவளுக்கு.

தர்மிகா கூச்சக்காரி; அவள் கதவு கதவாகத் தட்டிக் கேள்வி கேட்பதை எழுதுவது கடினம். ஆகையால் ஒரே ஒரு கதவு. மிச்சத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பிறேமினி அன்ரியின் கதவு.

“இதைக் கவுன்சிலுக்குக் குடுப்பியோ?” என்று முதலில் கேட்டார் அன்ரி.

“இல்லை அன்ரி. யுனிவர்சிற்றிக்கு.”

“பெனிபிட் காசு ஒண்டும் வெட்டமாட்டாங்கள்தானே. சரி, கேள்.”

தர்மிகா தாளைப் பார்த்து வாசித்தாள்.

“ஒவ்வொரு நாளும் குரல் கேக்குது” என்றார் அன்ரி. “‘பிறேமினி, தேத்தண்ணி’ எண்டு.”

“அது அங்கிள்தானே.”

“அவர் மேல் மாடியிலை கிடக்கிறார். பக்கத்திலை இல்லைத்தானே பிள்ளை. நீ அப்பிடித்தானே வாசிச்சனி?”

தர்மிகா ‘இல்லை’ என்று குறித்து, ஓரத்தில் சிறிதாக எழுதினாள்: வெளிக்காரணம், அங்கிள்.

4

இருபத்து நான்கு பேரில் மூன்று பேர் ‘ஓம்’ என்றார்கள். பழைய விகிதத்துக்குப் பக்கத்தில் வந்திருந்தது. இருபத்தைந்தாவது வரியை அவள் யாரையும் கேட்காமல் முதல் நாளே நிரப்பியிருந்தாள்.

பெயர்: கமலாம்பிகை ஸ்ரீஸ்கந்தராஜா. பதில்: ஆம்.

அம்மாவிடம் எதற்குக் கேட்பது? அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை அது.

இரண்டாயிரமாம் ஆண்டு, ஆனி மாதம். அம்மா லண்டனுக்கு வந்து இரண்டாவது வருடம். காலை ஆறு மணி. வேலைக்கு வெளிக்கிட்டுச் சமையலறையில் நிற்கிறார். ஜன்னலில் வெளிச்சம் பால் போல இருக்கிறது. காதுக்குள் தம்பியின் குரல் கேட்கிறது. ‘அக்கா.’ ஒரே ஒரு தடவை. மூன்று வாரம் கழித்து வன்னியிலுள்ள மல்லாவியிலிருந்து அவருடைய சித்தப்பாவின் கடிதம் வருகிறது. தம்பி சச்சிதானந்தன் வன்னியை விட்டு வெளியேற அனுமதிப் பாஸ் எடுத்து வவுனியாவுக்கு வந்த இடத்தில், அதே நாள் காலை பதினொரு மணிக்கு, லொறி மோதி இறந்துவிட்டான். லண்டனுக்கும் வவுனியாவுக்கும் ஐந்து மணி நேர வித்தியாசம். பதினொன்றில் ஐந்து போனால் ஆறு.

அதே நொடி.

ஒவ்வொரு திவசத்திலும், படையல் முடிந்து எல்லோரும் சாப்பிட உட்காரும்போது, இந்தக் கழித்தலை அப்பா செய்து காட்டுவார். உறவினர்கள் சோற்றில் கை வைத்தபடியே தாங்களும் ஒருமுறை கழித்துப் பார்ப்பார்கள். மாமாவின் படம்கூட அந்த வீட்டில் ஒன்றுதான், அதுவும் மங்கல். அவரிடமிருந்து அவர்களுக்கு மிஞ்சியது அந்த நொடி.

(வரைவைத் திருப்பி வாசித்தபோது ஒன்றைக் கவனித்தேன். கதையைச் சொல்வது எப்போதும் அப்பாதான். அம்மா சொல்வது இரண்டே சொற்கள்: “ஓம், கேட்டது.” நான் ஏன் அவருக்கு வேறு வசனம் எழுதவில்லை? எழுத முயன்றேன். அவர் வாயில் நிற்கவில்லை.)

5

இந்தப் பகுதியை நான் திட்டமிடவில்லை. அதே நொடி என்பதைச் சரியாக எழுத வேண்டும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு வரவில்லை. ஆகவே அதைத் தர்மிகாவிடம் கொடுத்தேன்.

அவள் தன் கைபேசியைப் பார்த்தாள். கோடை காலத்தில் லண்டனுக்கும் இலங்கைக்கும் நாலரை மணி நேரம். அப்பா ஷிப்ட் முடிந்து வந்து, பஸ் சாரதியின் சீருடையோடேயே சோபாவில் சாய்ந்திருந்தார்.

“அப்பா, நாலரைதானே. நீங்கள் ஏன் அஞ்சு எண்டு கழிக்கிறியள்?”

“அப்ப அஞ்சு பிள்ளை. தொண்ணூற்றாறிலை கொழும்பு மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளினது. பிறகு கன வருசம் கழிச்சுத்தான் திருப்பி வைச்சவை.”

“முழு நாட்டுக்குமோ?”

“வன்னிக்கை, புலியளின்ரை பக்கம், மாத்தேல்லை. அங்கை பழைய நேரம். ஆமி நிண்ட பக்கம் புதிய நேரம். அரை மணித்தியாலம் வித்தியாசம். ஆர் நேரம் சொன்னாலும் ‘பழசோ, புதுசோ’ எண்டு கேக்கோணும்.” அவர் சிரித்தார். “நான் ஒருக்கா பழைய நேரத்தைப் பாத்துக்கொண்டு ஒரு கலியாணத்துக்குப் போனன். தாலி கட்டி முடிஞ்சுது. பந்திக்குச் சரியாப் போனன்.”

“மாமாவைப் பற்றி வந்த கடிதத்திலை இருக்கிற நேரம் பழசோ, புதுசோ?”

அப்பா சிரிப்பை நிறுத்தவில்லை, அது தானாகக் குறைந்தது. “வவுனியாவிலைதானே நடந்தது, ஆமிப் பக்கம். புதுசாத்தான் இருக்கும்.”

கடிதம் பாஸ்போர்ட்டுகளோடு ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. தர்மிகா எழுத்துக் கூட்டி வாசித்தாள். மல்லாவியிலிருந்து மாமாவோடு கூடப்போன அயலவர் சொன்னதைச் சித்தப்பா எழுதியிருந்தார். ‘பஸ்ஸுக்கு நேரமாச்சு வா என்று இவர் கூப்பிடக் கூப்பிட, இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று சச்சிதானந்தன் ஒரு கடை வாசலிலேயே நின்றவனாம். பிறகு றோட்டைக் கடக்கும்போது லொறி. தன்ரை கை மணிக்கூட்டில் பதினொரு மணி என்று இவர் சொன்னார்.’

வன்னிக்காரரின் கை மணிக்கூடு.

பழைய நேரம் பதினொன்று என்றால் புதிய நேரம் பதினொன்றரை. லண்டனில் ஆறரை.

குரல் ஆறு மணிக்கு வந்துவிட்டது.

6

நியாயமாகப் பார்த்தால் ஒன்றும் கெடவில்லை. அரை மணி நேரம் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தாராளமாக அடங்கும். பழைய பேராசிரியர்கள் மகிழ்ச்சியோடு எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அந்தக் குரல் வந்தபோது மாமா உயிரோடு இருந்தார். ஒரு கடை வாசலில், வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

தர்மிகா அறிக்கைக்குத் திரும்பிப் போனாள். கீழ்த்தளத்தில் விளக்கு அணைந்தது. அவள் கையை ஆட்டவில்லை. இருட்டில் இருந்தபடியே, அந்தப் பழைய கணக்கெடுப்பின் ஒரு விதியை நினைத்துக்கொண்டாள்: கேட்பவருக்குப் பதில் முன்கூட்டியே தெரிந்திருக்கக் கூடாது. தெரிந்தவரைத் தேடிப்போய்க் கேட்டால் எண்ணிக்கை பொய்யாகிவிடும். அவள் தேடிப்போகக்கூட இல்லை. கேட்கவே இல்லை.

அம்மாவிடம் கேட்க வேண்டும். கேட்டால் வீட்டில் இருக்கும் அந்த ஒரு நொடி இருக்குமா என்று தெரியாது. கேட்காவிட்டால் ஆய்வேட்டில் அவளே எழுதிய ஒரு பொய் இருக்கும்.

(இங்கே நான் பத்து நாள் எழுதாமல் இருந்தேன்.)

7

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். அப்பா வேலைக்குப் போய்விட்டார். அம்மா முன்னறையில் தையல் மெசினில் யாரோ ஒருவரின் சேலைக்கு ஃபோல்ஸ் அடித்துக்கொண்டிருந்தார். மடியில் பச்சைப் பட்டு வழிந்து தரையில் கிடந்தது. தர்மிகா படிவத்தோடு எதிரே உட்கார்ந்தாள்.

“அம்மா, உங்களிட்டையும் கேக்கோணும்.”

“எல்லாரிட்டையும் கேட்டு முடிச்சிட்டியோ?”

“உங்கடை வரியை நானே நிரப்பிப்போட்டன்.”

“பிறகென்ன.”

“அது பிழை.”

மெசின் ஓடியது. நின்றது. தர்மிகா அரை மணி நேரத்தைப் பற்றிச் சொன்னாள். பழைய நேரம், புதிய நேரம், அயலவரின் மணிக்கூடு. தாளில் போட்ட கணக்கையும் காட்டினாள். இயற்பியல் மாணவி விடையைச் சரிபார்த்துக் காட்டுவது போலத்தான் காட்டினாள், அதில் அவளுக்கு ஒரு சின்னப் பெருமையும் இருந்தது. (இதை அடிக்க நினைத்தேன். அடிக்கவில்லை. இருந்தது.)

“உங்களுக்குக் கேக்கேக்கை மாமா சாகேல்லை அம்மா. இன்னும் அரை மணித்தியாலம் இருந்தவர்.”

“தெரியும்” என்றார் அம்மா.

“எப்பிடி?”

அம்மா சேலையின் ஓரத்தை விரலால் நீவினார். “கடிதம் வந்த அண்டைக்கே தெரியும். சித்தப்பாவுக்கு எப்பவும் பழைய நேரம்தானே. கொப்பர்தான் கழிச்சுப் பாத்து ‘அதே நேரம்’ எண்டு அழுதவர். நான் பேசாமல் இருந்திட்டன். உனக்கு அப்ப வயித்துக்கை மூண்டு மாசம்.”

“ஏன் பேசாமல் இருந்தனியள்?”

“கேள்வியை வாசி” என்றார் அம்மா. “எல்லாரிட்டையும் வாசிச்ச மாதிரி வாசி.”

8

இந்த இடத்தில் எழுதிப் பார்த்து வைத்த முடிவுகள் மூன்று இருக்கின்றன.

அ. தர்மிகா படிவத்தை மடித்து வைத்துவிடுகிறாள். ஆய்வேட்டில் இருபத்து நான்கு வரிகள். திவசத்தில் அப்பா மீண்டும் கழித்துக் காட்டுகிறார். அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்க்காமல் சோறு பரிமாறுகிறார்கள்.

ஆ. அவள் கேள்வியை வாசிக்கிறாள். வெளிக்காரணம் ஒன்றுமில்லை என்று அம்மா சொல்கிறார். அரை மணி நேரம் ஓர் அடிக்குறிப்பாகிறது. நல்ல மதிப்பெண்.

இ. அடுத்த ஆனி மாதம், காலை ஆறு மணி, அதே பால் வெளிச்சம். தர்மிகா தனியே சமையலறையில் நிற்கிறாள். காதுக்குள் ‘அக்கா’ என்று ஒரு குரல். அவளுக்குத் தம்பி இல்லை.

(மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதனாலேயே அதை நம்பவில்லை.)

மூன்றையும் உங்களிடம் விட்டுவிடுகிறேன். நான் எழுதாமல் நிறுத்தியிருந்த அந்தப் பத்து நாளும் என் மனதுக்குள் அம்மா தையல் மெசினுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார், கை பச்சைப் பட்டின் மேல். அவர் எதற்காகக் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. இருபத்தைந்து வருடங்களாக யாரும் அவரிடம் அந்தக் கேள்வியை முழுதாகக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

தர்மிகா வாசித்தாள். முழு விழிப்பில். அருகில் இல்லாத ஒருவரை. குரலைக் கேட்டதாக. ஒவ்வொன்றுக்கும் அம்மா “ஓம்” என்றார். பின்னால் தோட்டங்களுக்கு அப்பால் ட்ராம் ஒன்று ஓசையில்லாமல் போனது.

அடுத்து வருவது கடைசிப் பகுதி. அதைக் கேட்ட பிறகு தர்மிகா அந்த வரியில் ‘ஆம்’ என்று விட்டாளா, அடித்து ‘இல்லை’ என்று எழுதினாளா, திவசத்தில் அப்பா கழிக்கும்போது என்ன செய்தாள் என்பதை நான் எழுதப்போவதில்லை. அதற்கு என்னைவிட நீங்கள் பொருத்தமானவராக இருக்கலாம்.

“அதுக்கு, நீங்கள் அறிஞ்சவரை, வெளிக்காரணம் ஏதும் இருந்ததோ?”

“இருந்தது” என்றார் அம்மா. “டெலிபோன் அடிச்சது பிள்ளை. வவுனியாவிலை ஒரு கடையிலையிருந்து எடுத்தவன். எட்டு மாசமா நாங்கள் கதைக்கிறேல்லை, எனக்கு அவனோடை கோவம். ‘அக்கா’ எண்டான். நான் வைச்சிட்டன்.”