கரடிக்காக வாங்கியது

லாவெல் ஸ்டோக்கர் தான் புதிதாக வாங்கிய கைத்துப்பாக்கியை முதல் தடவை சுட்டபோது அவனுடைய வீடு மூன்றடி பின்னால் போனது. அடுப்பில் பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை. ஜன்னலோரம் படுத்திருந்த பூனை ஒரு கண்ணைத் திறந்து, ரோடு கொஞ்சம் தள்ளிப் போயிருப்பதைப் பார்த்துவிட்டு, மறுபடி மூடிக்கொண்டது. அமெரிக்காவின் ஐடஹோவில் கிரௌஸ் பிளாட் என்கிற ஊர்ப் பக்கம் அந்த வருஷம் உருளைக்கிழங்குக்கு நல்ல விலை, அக்டோபரிலேயே பனி, ஸ்டோக்கர் வீடு மூன்றடி பின்னால். சொல்லிக்கொள்ளும்படி வேறொன்றும் நடக்கவில்லை.

அதைக் கைத்துப்பாக்கி என்று சொல்வது டிராக்டரைக் கைவண்டி என்று சொல்வது மாதிரிதான். தோட்டா ஒவ்வொன்றும் ஆள்காட்டி விரல் நீளம், கட்டைவிரல் பருமன். தோட்டா போடும் உருளையில் ஐந்துதான் கொள்ளும், ஆறாவதற்கு இடம் விட்டால் உருளை தேங்காய் அளவு ஆகிவிடும் என்பதால். இடுப்பில் கட்டினால் பேன்ட் இறங்கிவிடும் என்று லாவெல் அதை மார்போடு சேர்த்து வார் போட்டுக் கட்டிக்கொண்டு திரிந்தான். மளிகைக் கடையில் ஒரு கிழவி கண் சரியாகத் தெரியாமல், குழந்தைக்கு எத்தனை மாசம் என்று கேட்டாள். ஒரு தடவை விசையை இழுக்க ஆகும் செலவில் ஊர் காபிக் கடையில் இரண்டு முட்டை, பன்றி வறுவல், வறுத்த கிழங்கு, காபி எல்லாம் சாப்பிட்டுவிடலாம். சுடத் தெரியாதவன் கையில் அது எகிறி நெற்றியில் அடிக்கும். கிரௌஸ் பிளாட்டில் பாதி ஆண்களுக்கு நெற்றியில் பிறை வடிவத்தில் ஒரு தழும்பு உண்டு. வெளியூரிலிருந்து வந்தவர்கள் ஏதோ மதச் சடங்கு என்று நினைத்துக்கொண்டு மரியாதையாக நடந்துகொண்டார்கள்.

எல்லா நெற்றியையும் பதம் பார்த்தது அந்த ஒரே துப்பாக்கிதான். ராய்ஸ் டகெட்டின் துப்பாக்கிக் கடையிலிருந்து அது போகும். வாங்கினவன் வீட்டில் ஐந்து முறை வெடிக்கும். மறுவாரம் கட்டுப்போட்ட நெற்றியோடு அவனே திருப்பிக்கொண்டு வந்து, ஐந்து தோட்டா குறைந்த பெட்டியையும் சேர்த்து வைத்து, முதுகு வலி, அதான் என்பான். ராய்ஸ் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டு, பெட்டியை நிரப்பி மறுபடி கண்ணாடி அலமாரிக்குள் வைப்பான். அந்த வருமானத்தில்தான் அவன் மகள் பல் டாக்டருக்குப் படித்தாள். லாவெல் அதை வாங்க வந்த அன்று கடையில் நடந்த பேச்சு இது.

“இது எதுக்குடா ஆகும், ராய்ஸ்?”

“கரடிக்கு.”

“நம்ம பக்கம் கரடி ஏது? எங்க தாத்தா காலத்துலயே இல்லியே.”

“ஏன் இல்ல? யோசிச்சுப் பாரு. ஊருக்குள்ள இது இருக்கு. அதான் வரல.”

லாவெல் அந்த வாதத்தில் ஓட்டை இருக்கிறதா என்று தேடினான். கண்ணுக்குத் தெரிந்த ஒரே ஓட்டை குழல் நுனியில் இருந்தது, அதில் அவன் கட்டைவிரல் தாராளமாகப் போனது. வாங்கிவிட்டான்.

லாவெல் காது மெஷின் விற்கிறவன். ஊரில் துப்பாக்கி வெடிக்க வெடிக்க அவன் தொழில் நன்றாக நடந்தது, அந்த வகையில் அந்தச் சாமான் நடைமுறைக்கு ஒத்துவந்தது என்றே சொல்ல வேண்டும். ஆனால் அவன் வாங்கியது அதற்காக இல்லை, கரடிக்காகவும் இல்லை. தாழ்வாரத்தில் நின்று முதல் தோட்டாவைச் சுட்ட கணத்தில், புகை கலைவதற்குள், ஐம்பத்து மூன்று வயது ஆளின் தொண்டையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. ஊஞ்சலில் உட்கார வைத்து முதல் தடவையாக ஓங்கித் தள்ளிவிட்டால் குழந்தை சிரிக்குமே, அந்தச் சிரிப்பு. அதைச் சுட்ட ஒவ்வொருவரும் அப்படித்தான் சிரித்தார்கள், பாதிரியார் உட்பட. பிறகு ஆளாளுக்குத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கரடியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

மற்றவர்கள் ஐந்தோடு நிறுத்தினார்கள், லாவெல் நிறுத்தவில்லை. மற்றவர்களுக்கு உதை கையோடும் நெற்றியோடும் நின்றது. லாவெலுக்கு அது தோள் வழியாக, இடுப்பு வழியாக, பூட்ஸ் வழியாக இறங்கித் தாழ்வாரப் பலகைக்குள் போய், வீட்டை நகர்த்தியது. அதனால் அவனுக்கு வலியே தெரியவில்லை. ஊர்ச் சுடும் சங்கத்தில் போய்ச் சுட்டுப் பார்த்தான். சங்கத்தின் தகரக் கொட்டகை, உள்ளே மிளகாய்க் கறி சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆறு உறுப்பினர்களோடு, பக்கத்து உருளைக்கிழங்கு வயலுக்குள் போய் நின்றது. தலைவர் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே வந்து, லாவெல் இனி வீட்டிலேயே சுடுவது சங்கத்துக்கு நல்லது என்று கேட்டுக்கொண்டார்.

வீடு மார்வாவுடையது. லாவெலின் மனைவி மார்வா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்து முன்னங்கை உருண்டு திரண்டிருக்கும். வீட்டை அவள் அப்பா கட்டினார், அவள் அதில்தான் பிறந்தாள். வீட்டுக்கு முன்னால் ரோடு, ரோட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு மண்மேடு. பின்னால் துணி காயப்போடும் கொடி, அதற்கும் பின்னால் மார்வாவின் ருபார்ப் செடிப் பாத்தி, அதற்கும் பின்னால் பள்ளத்தாக்கு. செங்குத்துப் பாறை, எட்டிப் பார்த்தால் அடியில் ஆறு பூணூல் மாதிரி தெரியும். லாவெல் மண்மேட்டைப் பார்த்துச் சுடச் சுட, வீடு மூன்று மூன்றடியாகப் பின்னால் போனது. தபால் பெட்டி ரோட்டோரம் இருந்த இடத்திலேயே இருந்தது. முதல் வருஷம் மார்வா வீட்டுச் செருப்போடு போய்க் கடிதம் எடுத்து வந்தாள். மூன்றாவது வருஷம் ஷூ போட்டுக்கொண்டு போனாள். ஐந்தாவது வருஷம் சைக்கிள் வாங்கினாள். மின்வாரிய ஆட்கள் வந்து வயரை நீட்டிவிட்டுப் போனார்கள். வரி போடுகிற அதிகாரி, பின்பக்கக் காட்சி மேம்பட்டிருக்கிறது என்று வரியைக் கூட்டினார். ருபார்ப் பாத்தி வீட்டுக்கு அடியில் போய், மறுபக்கம் வெளியே வந்து, முன்பக்கத் தோட்டம் ஆனது.

“ஒரு விஷயம் கேக்கறேன், கோவிச்சுக்காத,” என்றாள் மார்வா, கொடிக்கம்பத்தை மூன்றாவது தடவையாகப் பிடுங்கி நட்டுவிட்டு. “அதத் திருப்பிப் பிடிச்சுச் சுட்டா என்ன? பின்வாசல்ல நின்னு சுடு. வீடு முன்னால வந்துடும்ல?”

லாவெல் அதிர்ந்து போனான். “பள்ளத்தாக்கப் பாத்தா?”

“ஆமா.”

“மார்வா, குறிக்குப் பின்னால என்ன இருக்குன்னு தெரியாம சுடக் கூடாது. அதுதான் மொதல் விதி. இந்தப் பக்கம் மண்மேடு இருக்கு. அந்தப் பக்கம் என்ன இருக்கு? வெறும் காத்து! எங்க போய் யார் மேல படுமோ? நான் என்ன பொறுப்பில்லாதவனா?”

“இல்ல துரை, நீங்க ரொம்பப் பொறுப்பு. எங்க அப்பா வீட்டக் கொண்டுபோய்ப் பாதாளத்துல தள்ளப் போறீங்க, அதையும் விதிப்படி.”

இந்த விஷயம் ராய்ஸின் கடையில் விவாதத்துக்கு வந்தபோது ஆண்கள் அத்தனை பேரும் லாவெல் பக்கம்தான். வீடு போவது வேறு, விதி வேறு என்றார்கள். பாதிரியார் மட்டும் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

ஏழாவது வருஷம் ஒரு காலையில் மார்வா காபியோடு பின்வாசலைத் திறந்து கடைசிப் படியில் கால் வைத்தாள். படியின் பாதி பாறை மேல் இருந்தது, பாதி எதன் மேலும் இல்லை. அவள் காபியைக் குடித்து முடித்தாள். பிறகு உள்ளே வந்து, தன் பச்சைப் பெட்டியை எடுத்துப் படுக்கையறைக் கதவோரம் வைத்தாள்.

“இன்னும் ஒண்ணு வெடிச்சா, நான் பாய்ஸி ஊர்ல இருக்கற என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்.”

லாவெலுக்கு அவள் சொன்னால் சொன்னதுதான் என்று தெரியும். துப்பாக்கியை எண்ணெய்த் துணியில் சுற்றிக்கொண்டு ராய்ஸிடம் போனான். ராய்ஸ் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தான். “அஞ்சு சுட்ட துப்பாக்கின்னா விக்கலாம். அது ஆசைப்பட்டு வாங்கி ஏமாந்த கேசு. வாங்க வர்றவனுக்குப் புரியும். நீ ஏழு வருஷம் சுட்டிருக்கியே. இத்தன வருஷம் கழிச்சுத் திருப்பித் தந்தா, இதுல என்ன கோளாறோன்னு நெனைப்பான்ல?” ஆகவே அது திரும்பி வந்து அலமாரியில் உட்கார்ந்தது. லாவெல் அந்தக் குளிர்காலம் முழுக்கச் சுடவில்லை. வசந்தத்திலும் சுடவில்லை. இளைத்துப் போனான். கதவு அறைந்து சாத்துகிற சத்தம் கேட்டால் முகம் மலர்ந்து திரும்பிப் பார்ப்பான். மார்வா அதைக் கவனித்தாள், பாவமாகவும் இருந்தது, ஆனாலும் பெட்டியைக் கதவோரத்திலிருந்து எடுக்கவில்லை.

செப்டம்பரில் கரடி வந்தது.

மதியம், நல்ல வெயில். ரோட்டோரமாக ஒரு பால் வண்டி போல அலுங்காமல் நடந்து வந்து, முன்பக்க ஆப்பிள் மரத்தடியில் உட்கார்ந்து, உதிர்ந்த பழங்களைப் பொறுக்கித் தின்ன ஆரம்பித்தது. லாவெல் ஜன்னல் வழியாகப் பார்த்தான். ஊரே எத்தனை வருஷம் இதற்காகக் காத்திருந்தது! அவன் கண்ணில் நீர் வந்துவிட்டது. கதவோரம் பச்சைப் பெட்டி இருந்தது, அதையும் பார்த்தான். சமையலறையில் மார்வா மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

“மார்வா, கரடி.”

“பாத்தேன். ஆப்பிள் திங்குது. தின்னட்டும், எப்படியும் அழுகிப் போகுது.”

“மார்வா, கரடி!”

“லாவெல், வேண்டாம். நான் சொல்லிட்டேன்.”

அவள் கை கழுவிவிட்டு வருவதற்குள் அவன் தாழ்வாரத்தில் நின்றிருந்தான். ஐந்தையும் சுட்டான். ஒவ்வொரு முறையும் கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஏழு வருஷமாக அப்படித்தான் சுட்டு வந்திருக்கிறான் என்பது மண்மேட்டுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். ஒரு குண்டு தபால் பெட்டியில் பட்டது. மற்ற நான்கும் மண்மேட்டுக்குள் போயின. கரடி தலை நிமிர்ந்து, சத்தம் போடுகிற ஆளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அடுத்த பழத்தை எடுத்தது. பழமும் கரடியும் மரமும் சின்னதாகிக்கொண்டே போவதை லாவெல் அப்போதுதான் கவனித்தான். தரையில் உரசிக்கொண்டு போனவரை மூன்றடியில் நின்றுகொண்டிருந்த வீடு, இப்போது உரசுவதற்கு ஒன்றும் இல்லாததால் நிற்கவில்லை. சாவகாசமாகப் பள்ளத்தாக்கின் நடுவரைக்கும் மிதந்து போய் அங்கே நின்றது. கீழே விழவில்லை. வீட்டுக்குப் பின்னால் போகத்தான் பழக்கம். கீழே போய்ப் பழக்கமில்லை.

மார்வா உள்ளே போனாள். கோட்டு மாட்டிக்கொண்டு, பச்சைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து முன்வாசலைத் திறந்தாள். கீழே, வெகு கீழே, ஆறு. ஒரு பருந்து அவளைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனது. மின்வயர் மட்டும் கரையிலிருந்து தொய்ந்து வந்து வீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“போறதுக்குக்கூட வழியில்லாமப் பண்ணிட்டியேய்யா,” என்றாள். “கோவிச்சுக்கிட்டுப் போற சுதந்திரம்கூட ஒரு பொம்பளைக்கு இல்லியா இந்த வீட்டுல?”

லாவெல் ஊஞ்சல் நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அந்தத் தடவை அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. “எங்கூட நீ இருக்க வேணாம் மார்வா. எப்படியாவது உன்னக் கரை சேத்துடறேன். ஏணி ஏதாவது...” என்றான். அவ்வளவு நீள ஏணி ஐடஹோவில் இல்லை என்பது அவனுக்கே தெரியும்.

மார்வா வீட்டுக்குள் நடந்து பின்வாசலுக்குப் போனாள். இத்தனை வருஷம் தூரத்தில் நீலமாகத் தெரிந்த எதிர்ப்பக்கப் பாறைச்சுவர் இப்போது கிட்டத்தில், கருகருவென்று, ஒரு புல்கூட இல்லாமல் நின்றது.

“லாவெல், இங்க வா. அது என்ன?”

“பாறை.”

“குறிக்குப் பின்னால என்ன இருக்குன்னு தெரியுதா?”

அவன் பார்த்தான். விதியை மனசுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். “தெரியுது,” என்று ஒத்துக்கொண்டான்.

“அப்ப குடு அத. தோட்டா எங்க? இல்லேன்னு மட்டும் சொல்லாத, காபி டின்னுல இருக்குன்னு எனக்குத் தெரியும்.”

அவள் இரண்டு கையாலும் துப்பாக்கியைப் பிடித்தாள், பனியில் வழுக்கும் பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி. கண்ணை மூடவில்லை. பாறையில் ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது, அதைப் பார்த்துச் சுட்டாள், அது இல்லாமல் போனது. அவள் நெற்றிப் பக்கம் துப்பாக்கி வரவே இல்லை. உதை எல்லாம் முன்னங்கை வழியாக இறங்கிப் பலகைக்குள் போக, வீடு சாவகாசமாகக் கரைப் பக்கம் கிளம்பியது. புகைக்கு நடுவில் ஒரு சத்தம் கேட்டு லாவெல் திரும்பினான். அவன் மனைவி, பள்ளிக்கூட பஸ்ஸில் யாராவது சிரித்தாலே வண்டியை நிறுத்திவிடுகிற மார்வா, ஊஞ்சலில் ஏற்றிய குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தாள்.

வீடு கரையில் இடிக்காமல் ஏறி நின்றது. தரை வந்துவிட்டது, பெட்டியும் வாசலில் தயாராக இருந்தது. மார்வா தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

“இன்னொண்ணு குடு. அப்பா போட்ட அஸ்திவாரம் வரைக்கும் கொண்டுபோயிடலாம்.”

கரையேறிவிட்டதால் பின்வாசலுக்கு நேரே மறுபடி காற்றுதான் இருந்தது. லாவெல் பாறை எட்டத்தில் இருப்பதாக முனகிப் பார்த்தான். “எட்டத்துல இருந்தாலும் பாறை பாறைதான். நான் பாத்து அடிப்பேன்,” என்றாள் அவள். அன்று சாயங்காலத்துக்குள் கொடிக்கம்பம், ருபார்ப் பாத்தி எல்லாம் தாண்டி வீடு பழைய இடத்துக்கு வந்தது. அங்கே அவள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வீடு ரோட்டை மறித்துக்கொண்டு மண்மேட்டில் முட்டி நின்றபோது, மறுநாள் பள்ளிக்கூட பஸ் போக வேண்டுமே என்று லாவெல் முன்வாசலில் நின்று கொஞ்சம் சுட வேண்டியதாயிற்று. மண்மேடு மூக்குக்கு நேரே இருந்ததால் கண்ணை மூடியும் தப்பவில்லை.

அன்றிலிருந்து அப்படித்தான். சனிக்கிழமைகளில் அவன் சுட்டால் வீடு பின்னால் போகும், அவள் சுட்டால் முன்னால் வரும். தபால்காரர் வீடு எங்கே நிற்கிறதோ அங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்; பள்ளத்தாக்கில் நின்றால் மறுநாள் கொடுக்கிறார். மாவட்ட வரைபடத்தில் அந்த ஒரு வீட்டை மட்டும் பென்சிலில் போட்டிருக்கிறார்கள். கரடி ஒவ்வொரு செப்டம்பரிலும் வருகிறது, அதை யாரும் தொந்தரவு செய்வதில்லை. பச்சைப் பெட்டியில் இப்போது தோட்டா இருக்கிறது. போன மாதம் வெளியூர்க்காரன் ஒருவன், ராய்ஸின் கடையில் மார்வா ஆறு பெட்டி தோட்டா வாங்குவதைப் பார்த்து வாயைப் பிளந்து, இவ்வளவு பெரிய சாமான் எதுக்கும்மா ஆகும் என்று கேட்டான்.

“கரடிக்கு,” என்றாள் மார்வா, சிரிப்பு வராமல் முகத்தை வைத்துக்கொண்டு.