பால் கேனில் வந்த சிறுநீர்

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த எண்பத்தேழு செப்டம்பரில், கள்ளக்குறிச்சியில் ரத்தம், சிறுநீர் சோதிக்கும் லேபில் நான் ஒருத்திதான் வேலைக்கு வந்திருந்தேன். வழியெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் கிடையாது. அன்றைக்குப் பார்த்து, சங்கராபுரத்துப் பக்கமிருந்து மனைவியைச் சைக்கிளில் உட்காரவைத்து மிதித்து வந்து நின்றார் கொளஞ்சியப்பன்.

மனைவி மணிமொழிக்கு இருபத்து மூன்று வயது. சிறுநீரில் புரதம் ஒழுகி, உடம்பெல்லாம் வீங்கி, இரண்டு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறாள். புரதம் குறைந்திருந்தால் இதே மாத்திரை போதும்; இல்லையென்றால் சென்னைக்குப் போய், கிட்னியில் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குத்தான் ஒரு நாள் முழுக்கப் பிடித்த சிறுநீர்.

கொளஞ்சியப்பன் வெளியே போய், கொண்டுவந்திருந்ததை நான் கொடுத்த ஜாடியில் ஊற்றிக்கொண்டு வந்தார். கொஞ்சம் டியூபில் எடுத்துச் சூடாக்கி, இரண்டு சொட்டு அசிட்டிக் ஆசிட் விட்டேன். புரதம் இருந்தால் திரியும்; கட்டிகட்டியாகத் திரிந்தது. போன தடவையைவிட மோசம். இந்தப் பெண்ணிடம் எந்த வாயால் சொல்வேன்?

ஆனால் அவள் முகத்தில் வீக்கம் வற்றியிருந்ததே! அவள் காலை அமுக்கிப் பார்த்தேன். முன்பு விரல் வைத்தால் குழி விழுந்த கால், இப்போது விழவில்லை.

“எதுல கொண்டாந்தீங்க?”

“பால் கேன்லங்க. வழியில பால மட்டுந்தான் வுடுறாங்க. இன்னாதுன்னு கேட்டா, பொம்பள ஒண்ணுக்குன்னு எப்பிடிங்க சொல்றது? வூட்ல சட்டியில புடிச்சத காலைல கேன்ல ஊத்திக்கினு வந்தேன்.”

“கேனைக் கழுவினீங்களா?”

“கறந்த பால வேற ஏனத்துல ஊத்திட்டு, ஒரு தண்ணி அலசினேங்க.”

“ஏன்யா, உனக்கு அறிவிருக்கா? பால் கலந்தா திரியாம இன்னா செய்யும்?” என்று கத்திவிட்டேன். அந்த மனுஷன் மரத்துக்கு மரம் சைக்கிளைத் தூக்கிக் கடந்து வந்தவர் என்பது அப்புறம்தான் உறைத்தது.

சுத்தமான பாட்டிலை மணிமொழி கையில் கொடுத்து அனுப்பினேன். வந்ததும் மறுபடி சூடு, மறுபடி ஆசிட். மேஜையில் கிடந்த பேப்பரின் மேல் டியூபைப் பிடித்தேன். புரதம் அதிகமென்றால் எழுத்து மறைந்துவிடும். லேசான மங்கல்தான் இருந்தது.

“நீயே படிம்மா.”

“போக்...குவரத்து... நின்றது,” என்று எழுத்துக்கூட்டினாள்.

டாக்டரிடம் ஓடினேன். மாத்திரை கேட்கிறது, சென்னை வேண்டாம் என்றார். வந்து சொன்னதும் கொளஞ்சியப்பன் துண்டால் முகத்தை மூடி அழுதார். எனக்கும் கண் கலங்கியது. மணிமொழி மட்டும் அழவில்லை. என் கையிலிருந்த டியூபை வாங்கி, பேப்பரில் அடுத்த வரி மேல் வைத்துப் படிக்க ஆரம்பித்தாள்.